எபோ டாண்டோவின் கொடிக்கயிறு

எபோ டாண்டோ விடிந்ததும் செய்யும் முதல் காரியம், விரலை எச்சிலில் நனைத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது. பிறகு எந்தக் காலத்துச் சிப்பாயோ விட்டுச் சென்ற சிவப்புச் சட்டையை மாட்டிக்கொள்வார். அதில் ஒரு பொத்தானும் மிஞ்சவில்லை. ஆகவே ஒரு கையால் அதை மார்போடு சேர்த்துப் பிடித்தபடியே கோட்டைப் படிகளில் ஏறுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, நெஞ்சில் கைவைத்து நடக்கும் மந்திரியைப் போலத் தோன்றும். கம்பத்தடியில் நின்று, உள்ளங்கைகளில் துப்பித் தேய்த்து, கயிற்றை இழுப்பார். கொடி உச்சியைத் தொட்டதும், கோட்டையிலிருந்து அவருக்குக் கிடைக்கும் ஒரு கோப்பை ரம்மில் சில துளிகளை முன்னோருக்காகத் தரையில் ஊற்றுவார். மிச்சத்தை முன்னோர் சார்பில் தாமே குடிப்பார். அதன் பிறகுதான் அசெம்பா ஊருக்கு முறைப்படி பொழுது விடிந்ததாக அவர் ஒத்துக்கொள்வார்.

மேலே ஏறுவது எந்த நாட்டுக் கொடி என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. முந்நூறு ஆண்டுகளில் அந்தக் கோட்டை போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று பலர் கைக்கு மாறியிருந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஓர் இளவரசியின் திருமணப் பேச்சு முறிந்தால், ஆறு மாதம் கழித்து எங்கள் மீன்வலையில் பீரங்கிக் குண்டு வந்து விழும். யார் யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை என்பதெல்லாம் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் சமாதானமாகி, வேறொருவரோடு சண்டை தொடங்கியிருப்பார்கள். டேனியர் விட்டுப்போன கொடியை எபோவின் மனைவி எகுவா, புளிக்கவைத்த சோளமாவுப் பானைக்கு மூடுதுணியாக வைத்திருந்தாள். அவள் அவித்து விற்கும் கென்கே உருண்டைகளுக்கு ஊரில் நல்ல பெயர். “துணி நல்ல துணி” என்பாள். அந்த ராஜ்ஜியத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்ட ஒரே பாராட்டு அதுதான்.

கோட்டையின் அடியில் ஒரு நிலவறை உண்டு. அதன் கடைசியில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறு கதவு. பக்கவாட்டில் திரும்பினால்தான் ஓர் ஆள் அதில் நுழையலாம். அந்தக் கதவு வழியே அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அந்த வியாபாரம் நின்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது; இப்போது அங்கே பாமாயில் பீப்பாய்கள். ஆனாலும் பீப்பாய் உருட்டப் போகிறவன் வாசலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பான். வாங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள், பிடித்துக் கொண்டுவந்து விற்றவர்களில் எங்களவர்களும் இருந்தார்கள். காவல் காத்தவர்கள், கஞ்சி ஊற்றியவர்கள், கப்பல் வராமல் போனதால் தப்பி இங்கேயே தங்கியவர்கள் என எல்லோருடைய பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆகவே எங்கள் ஊரில் ஒரு சட்டம்: ஒருவருடைய குடும்பம் எப்படி இந்த ஊருக்கு வந்தது என்பதை இன்னொருவர் வாய்திறந்து சொல்லக் கூடாது. கொலைக்கு அடுத்த குற்றம் அது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கதைக்குள் போகிறேன். ஊரில் இரண்டு இளைஞர் படைகள் உண்டு: மேட்டுப் படை, கரைப் படை. எதிரி வந்தால் இரண்டும் சேர்ந்து சண்டை போடும். எதிரி வராத காலத்தில் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தங்களுக்குள் சண்டை போடும். தகப்பன் எந்தப் படையோ, மகனும் அந்தப் படை. வம்சம் மட்டும் தாய்வழி. ஒவ்வொரு படைக்கும் தனி நிறம், தனிக் கொடி. மற்றப் படையின் நிறத்தைத் தொட்டால், அவர்கள் முகத்தில் துப்பியதற்குச் சமம். எபோ மேட்டுப் படைக்குத் தலைவர். கரைப் படைக்குத் தலைவர் க்வாமினா அக்கொன், எகுவாவின் உடன்பிறந்த அண்ணன். இருவரும் ஒரே சட்டியில் மீன்குழம்பு தொட்டுச் சாப்பிடுவார்கள். திருவிழா வந்தால் ஒருவர் மண்டையை ஒருவர் குறிபார்ப்பார்கள்.

1868-ஆம் ஆண்டு பிறந்தபோது, இங்கிலாந்தும் ஹாலந்தும் எங்கள் கடற்கரையில் தங்களுக்கிருந்த கோட்டைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டன. கிழக்கே இருப்பது உனக்கு வேண்டாம், மேற்கே இருப்பது எனக்கு வேண்டாம் என்று சந்தையில் கோழி மாற்றுவது போல முடித்துவிட்டார்கள். ஆங்கிலேய அதிகாரி தம் நாற்காலியையும் மகாராணியின் படத்தையும் மூட்டைகட்டிக்கொண்டு படகேறினார். அதே படகு திரும்பி வந்தபோது அதில் லெப்டினன்ட் ஹூக்ஸ்ட்ரா இருந்தார். வெயிலில் சிவந்த முகமும், எதையும் வரவேற்பாகவே எடுத்துக்கொள்ளும் நல்ல மனமும் உடைய இளைஞர். அவருக்குப் பின்னால், கடலில், ஒரு போர்க்கப்பல் நின்றது.

கோட்டை முற்றத்தில் ஊர் கூடியது. எங்கள் ஊர்த் தலைவர், வழக்கப்படி, அந்நியரிடம் நேராகப் பேசமாட்டார். அவருக்காகப் பேசுபவர் கோல்காரர் அபாக்கா. அபாக்கா சொல்வதை வெள்ளைக்காரருக்குச் சொல்வது எபோ. கோட்டையிலேயே வளர்ந்ததால் அவருக்கு வெள்ளைக்காரர் பாஷைகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

“நம்மளக் கேட்டாங்களான்னு கேளு” என்றார் தலைவர்.

“கேக்கலயாம், நானா” என்றார் எபோ. தலைவரை நாங்கள் நானா என்றுதான் அழைப்போம்.

“சரி. அந்த ஹாலந்து ராஜாவோட அரண்மனைய நான் இன்னிக்கு என் மச்சினனுக்குக் குடுத்துட்டேன். நாளைக்குள்ள காலி பண்ணச் சொல்லு.”

எபோ ஒரு கணம் யோசித்து, தலைவர் அரசரின் இல்லத்தாரை அன்போடு விசாரிப்பதாகச் சொன்னார். லெப்டினன்ட் குனிந்து நன்றி தெரிவித்தார்.

அபாக்கா தம் கோலை ஊன்றி முன்னால் வந்தார். “எபோ, இத அப்படியே சொல்லு, சக்கர போடாத. ரெண்டு கடல்பறவை பாறைமேல உக்காந்து, ‘இந்தப் பக்கத்து நண்டெல்லாம் உனக்கு, அந்தப் பக்கத்து நண்டெல்லாம் எனக்கு’ன்னு பிரிச்சுக்கிச்சுங்க. பெருமையா கீழ பாத்தா, நண்டுங்க எல்லைய மிதிச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் போயிட்டிருக்கு. ‘ஒப்பந்தத்துக்கு ஒரு மரியாத வேணாமா?’ன்னு கத்துச்சு ஒரு பறவ. ‘கோச்சுக்காதீங்கய்யா, எங்களுக்குப் பக்கவாட்டுலதான் நடக்க வரும்’னுச்சு நண்டு.”

எபோ இதைச் சர்க்கரை போடாமலே சொன்னார். “இங்கே நண்டு நிறையக் கிடைக்கும் என்கிறார்களா? எனக்கு நண்டு பிடிக்கும்” என்றார் லெப்டினன்ட். பிறகு, மூட்டையைப் பிரித்துப் புதுக் கொடியை விரித்தார்.

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. சிவப்பு, வெள்ளை, நீலம். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பட்டைகள். அவை கரைப் படையின் நிறங்கள், அதே வரிசை. ஹாலந்து தேசம் ஒன்று இருப்பது எங்களில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் அந்த மூன்று பட்டைகளை எந்தக் குழந்தையும் அடையாளம் காணும்.

கம்பத்தடியில் நின்ற எபோவின் கை கயிற்றிலிருந்து தானாகவே விலகியது. மேட்டுப் படைத் தலைவர் தம் கையால் கரைப் படையின் நிறத்தை ஊருக்கு மேலே ஏற்றுவதா? கரைப் படைக்காரர்களுக்கோ அதைவிடக் கோபம்: எங்கள் நிறத்தை மேட்டுக்காரன் கை தொடுவதா?

“கைய வெச்சுப்புடாத மாப்ளே” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் க்வாமினா. “அது எங்க நிறம்.”

“நான் எங்க வெச்சேன் மச்சான்? உங்க கோவணத்துணிய ஏத்தணும்னு எனக்கென்ன வேண்டுதலா?”

“கோவணமா! போன திருவிழாவுல அந்தக் கோவணத்தப் பாத்துட்டுக் கொல்லப்பக்கமா ஓடினது யாரு?”

“நான் ஓடல. கென்கே அடிப்பிடிக்கிற வாசன வந்துச்சு, எறக்கி வைக்கப் போனேன்.”

கூட்டத்தில் தலையில் கூடையோடு நின்ற எகுவா, “என் பானை என்னிக்குய்யா அடிப்பிடிச்சுது?” என்று கத்தினாள். இரண்டு படைகளும் சிரித்தன. அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது.

“இவர்களெல்லாம் ராணியை விட்டுப் பிரிய இவ்வளவு வருத்தப்படுகிறார்களே” என்று லெப்டினன்ட் நெகிழ்ந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

“சட்டைக்குப் பொத்தான் இல்ல, இவரு தளபதி!” என்றார் க்வாமினா. “எந்த வெள்ளைக்காரன் வந்தாலும் சலாம் போட்டுக் கயிறு இழுக்கறதத் தவிர உங்க வீட்டுல எவனுக்காவது வேற ஏதாவது தெரியுமா?”

எபோவுக்கு அந்தக் கயிறுதான் உயிர். அதைப் பழித்ததும் அவருக்குக் கண் இருண்டது. அவர் வாய் திறந்தது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது.

அவர் சொன்ன வார்த்தைகளை எழுத எனக்கும் உரிமை இல்லை. சட்டம் எனக்கும் சட்டம்தான். நிலவறையின் சிறு கதவு வரை கொண்டுபோகப்பட்டு, கப்பல் வராததால் திரும்பிய ஒருத்தியைப் பற்றியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவள் க்வாமினாவின் தாயைப் பெற்ற பாட்டி.

க்வாமினாவும் வாய் திறந்தார். அந்தக் கதவின் சாவி ஒரு காலத்தில் யாருடைய இடுப்பில் தொங்கியது என்று ஊருக்கே தெரியும். அது எபோவின் தாத்தாவின் இடுப்பு. ஒரே ஒரு வாக்கியத்தில் க்வாமினா பழிதீர்த்திருக்கலாம். அவர் எபோவையே சிறிது நேரம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எபோவுக்கு உறைத்தது. க்வாமினாவின் பாட்டி எகுவாவுக்கும் பாட்டி. தாய்வழியே வம்சம் போகும் எங்கள் ஊரில், எபோவின் சொந்தப் பிள்ளைகளுக்கும் அவளே வேர். அவர் மச்சானை நோக்கி எறிந்த கல் தம் வீட்டுக் கூரையில் விழுந்திருந்தது.

எகுவா கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. “பசங்களா, எங்கூட வாங்க. இவரு பெரிய வீட்டுக்காரரு. இவரு வீட்டுல நமக்கென்ன வேல?” என்றாள். பிள்ளைகள் அவள் பின்னால் போனார்கள். கூட்டமும் பேச்சில்லாமல் கலைந்தது.

லெப்டினன்ட் ஹூக்ஸ்ட்ராவுக்குத் திருப்தி. கொடியைப் பார்த்ததுமே ஊர் அடங்கிவிட்டது என்று நினைத்தார். “நாளை உச்சிப்பொழுதுக்குள் இது கம்பத்தில் பறக்க வேண்டும். இல்லாவிட்டால், வருத்தத்தோடுதான் சொல்கிறேன், கப்பல் பீரங்கிகள் பேசும்” என்று எபோவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எபோ விரலை நனைத்துக் காற்றுப் பார்க்கவில்லை. அடுப்பு சில்லென்று கிடந்தது. பாய்கள் சுருட்டியபடியே இருந்தன. அவர் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் நேராகத் தலைவர் வீட்டு முற்றத்துக்குப் போனார். ஊர் ஏற்கெனவே அங்கே இருந்தது. எகுவா ஒரு பக்கம் தன் தாய்வழி உறவினரோடு உட்கார்ந்திருந்தாள்.

“கொடி விஷயம் பொறவு” என்றார் அபாக்கா. “குண்டு விழுந்தா கூரைதான் போகும், கட்டிக்கலாம். நேத்து போனது வேற. எகுவா, நீ என்னம்மா கேக்கற?”

“வழக்கத்துல உள்ளதத்தான் கேக்கறேன். ஒரு ஆடு, வெள்ளக் களிமண்ணு, ஊர் முன்னாடி சொன்ன சொல்ல ஊர் முன்னாடி திருப்பி எடுக்கணும். அதச் செஞ்சாத்தான் நானும் பசங்களும் அந்த வீட்டு வாசப்படி மிதிப்போம்.”

“ஆடு தரேன், களிமண்ணு தரேன். சொல்லத் திருப்பி எடுத்துக்கறேன்” என்றார் எபோ.

“எந்தச் சொல்ல?” என்றார் அபாக்கா.

எபோ வாயைத் திறந்தார். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் கைகளால் காதைப் பொத்தத் தயாரானார்கள். எபோ வாயை மூடிக்கொண்டார்.

சிக்கல் இதுதான். திருப்பி எடுக்க வேண்டுமானால், எந்தச் சொல் என்று முழுமையாகச் சொல்லித்தான் திருப்பி எடுக்க வேண்டும், அது வழக்கம். ஆனால் அதை மறுபடி சொன்னால் அது இரண்டாவது குற்றம், அதுவும் வழக்கம்.

“ரெண்டாவது குத்தத்துக்கு ரெண்டாவது ஆடு” என்றார் தலைவர் மெல்ல. “அதத் திருப்பி எடுக்கறதுக்கு மூணாவது ஆடு.”

“ஊர்ல ஆடு தீந்துரும், நானா” என்றார் அபாக்கா.

“மெதுவா உன் காதுல மட்டும் சொல்லட்டுமா?” என்று எபோ மனைவியைப் பார்த்தார்.

“நேத்து மெதுவாவா சொன்னீங்க?” என்றாள் எகுவா. “கப்பல்ல இருந்தவனுக்கெல்லாம் கேட்டிருக்கும்.”

கப்பல் என்றதும் எபோ திரும்பிக் கடலைப் பார்த்தார். போர்க்கப்பலின் பீரங்கி வாய்கள் வரிசையாக வெயிலில் மின்னின. அவர் முகம் மாறியது. “எனக்கு உச்சிப்பொழுது வரைக்கும் நேரம் குடுங்க” என்று சொல்லிவிட்டுக் கோட்டையை நோக்கி ஓடினார்.

லெப்டினன்ட் நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “கொடி ஏறும் ஐயா” என்றார் எபோ. “ஆனா சத்தமில்லாம ஏறுற கொடிய எங்க ஜனங்க கொடின்னே ஒத்துக்க மாட்டாங்க. துணி காயப்போட்டிருக்குன்னு நெனைப்பாங்க. பீரங்கி மரியாத வேணும். முழுசா வேணும்.”

லெப்டினன்டின் கண்கள் கலங்கின. தம் அரசரை இந்த ஊர் இவ்வளவு மதிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோட்டைப் பீரங்கிகளுக்குள் பல ஆண்டுகளாகக் கோழிகள் முட்டையிட்டு வந்ததால், கப்பலிலிருந்தே முழு மரியாதையும் முழங்கட்டும் என்று ஆள் அனுப்பினார்.

உச்சிப்பொழுதில் ஊர் முழுவதும் கம்பத்தைச் சுற்றி நின்றது. எபோ கயிற்றை எடுத்து, பழக்கத்தால் உள்ளங்கையில் துப்பப் போனவர், அப்படியே நிறுத்தினார். நேராகக் க்வாமினாவிடம் போய்க் கயிற்று முனையை நீட்டினார்.

“உங்க நிறம் மச்சான். நீங்கதான் ஏத்தணும். இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே என்னிக்கும்.”

மேட்டுப் படையில் முணுமுணுப்பு எழுந்தது. “தலைவரே, என்ன இது?” என்றான் ஒருவன். “இன்னிக்கு நான் தலைவன் இல்லடா, குத்தவாளி” என்றார் எபோ.

க்வாமினா கயிற்றை வாங்கவில்லை. “நெசமாவா மாப்ளே? காலைல எந்திரிச்சு அப்புறம் நீ என்ன பண்ணுவ?”

“தெரியல மச்சான். நேத்து நீங்க வாய மூடிக்கிட்டீங்களே, அத நான் கத்துக்கப் பாக்கறேன்.”

க்வாமினா கயிற்றைப் பற்றினார். கொடி அசைந்து மேலே ஏறத் தொடங்கியது. எபோ எகுவாவின் முன்னால் போய் நின்றார்.

முதல் பீரங்கி முழங்கியது. எபோ ஒரு சொல்லைச் சொன்னார். அவர் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. மரியாதைக் குண்டுகள் இடைவெளி விட்டுத்தான் வெடிக்கும் என்பதை எபோ அறிந்தே இருந்தார். ஆகவே வெடிக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டார். வெடித்ததும் வாய் திறப்பார். எதிரொலி அடங்குமுன் வாயை இறுக மூடி, கன்னம் உப்ப, அடுத்ததற்குக் காத்திருப்பார். கரையில் இருந்த நாய்கள் எல்லாம் ஓடிவிட்டன. லெப்டினன்ட் கொடியைப் பார்த்து விறைப்பாக வணக்கம் செலுத்திக்கொண்டிருந்தார்.

வாக்கியம் அதன் மிக மோசமான சொல்லை எட்டியது. கப்பலில் தீ மின்னியது. எபோ நெஞ்சு நிறைய மூச்செடுத்து வாயைத் திறந்தார். புகைதான் வந்தது, வெடிக்கவில்லை. அந்தப் பீரங்கியின் வெடிமருந்து நனைந்திருக்க வேண்டும். சொல்லின் முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது. மிச்சம் எபோவின் தொண்டையில் நிற்க முடியாமல் தவித்தது.

கரைப் படையின் பறைக்காரன் இரண்டு கைகளாலும் பறையை ஓங்கி அடித்தான். அதே கணத்தில் மேட்டுப் படையின் கொம்புக்காரன் கண் பிதுங்க ஊதினான். இரண்டு படைகளும் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து கூச்சலிட்டன. எங்கள் நினைவில், எதிரி யாரும் வராமலே அவை சேர்ந்தது அந்த ஒரு முறைதான். அந்தச் சொல் அதற்குள் அமிழ்ந்துபோனது.

அடுத்த குண்டிலிருந்து ஒழுங்காக வெடித்தது. எபோ சொன்னதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. வெடிகள் மீதம் இருந்தன. அவருக்கும் சொல்ல மீதம் இருந்தது. தம் இடுப்பில் கைவைத்து, சாவி தொங்கும் இடத்தைக் காட்டி, எதையோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அதுவரை கல்லாக இருந்த எகுவாவின் முகம் அப்போதுதான் அசைந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த க்வாமினா தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசிக் குண்டும் ஓய்ந்தது. கொடி உச்சியில் விரிந்தது. அபாக்கா கோலைத் தரையில் தட்டினார்.

“யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா?”

“காது அடைச்சுப்போச்சு கோல்காரரே!” என்றது ஊர்.

“நேத்து?”

“நேத்துலேந்தே அடைப்புதான்!”

“என்ன சொல்கிறார்கள்?” என்றார் லெப்டினன்ட். மரியாதை வெகு சிறப்பாக இருந்தது என்கிறார்கள் என்றார் எபோ. அது பொய்யில்லை.

ஆட்டை மேட்டுப் படையினர் பிடித்து வந்தார்கள். ஒரு சட்டியில் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து வைத்தார்கள். குற்றமற்றவர் என்று ஊர் தீர்த்தவரின் கையில், குற்றம் செய்தவரே அதைப் பூச வேண்டும். எபோ எகுவாவின் முன்னால் மண்டியிட்டார். பொத்தானில்லாத சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லாததால், இரண்டு கைகளையும் களிமண்ணில் தோய்த்தார். அவள் வலது கையை நீட்டினாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை, ஓரிடமும் விடாமல், மெதுவாகப் பூசினார்.

எகுவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என் கென்கே அடிப்பிடிச்சுதுன்னு சொன்னீங்களே” என்றபடி இடது கையையும் நீட்டினாள். “அதுக்கு?”

எபோ மறுபடியும் சட்டியில் கைவைத்தார்.